பிள்ளை கண்ணயரும் நேரம்

“சாமி, இந்தப் பிள்ளை ராத்திரி பதினொரு மணியானாலும் கண்மூடுவதில்லை. இதன் அம்மா அஞ்சு மணிக்கு எழுந்து கம்பெனிக்குப் போகணும். தலையில் கைவைத்து ஒரு செபம் சொல்லுங்கள்” என்று, வீடு மந்திரிக்கச் செல்லும் இடங்களில் பாட்டிமார் நம்மிடம் கேட்பதுண்டு. செபம் சொல்கிறோம், மறுப்பதில்லை. ஆயினும் செபத்தோடு நாலு வார்த்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. வாசற்படியில் நின்று சொல்லும் அந்த நாலு வார்த்தையை, ஒன்றரை வயது முதல் மூன்றரை வயது வரையுள்ள மழலைகளை வைத்திருக்கும் இல்லறத்தாருக்காக, இம்மாதம் சற்று விரித்து எழுத எண்ணினோம்.

இராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி எனப் பாலாற்றுப் படுகையை ஒட்டியுள்ள நம் ஊர்களில் தோல்தான் சோறு. தோல் பதனிடுவது மட்டுமே தொழிலாயிருந்த நாளில், சுண்ணாம்புத் தொட்டியிலும் பதனிடும் தொட்டியிலும் இறங்கியவர்கள் பெரும்பாலும் ஆண்களே. காலணியும் அதன் ‘அப்பர்’ எனப்படும் மேற்பகுதியும் செய்யும் ஆலைகள் பெருகியபின், தையல் எந்திரத்தின் முன் அமர்ந்தவர்களில் பெண்களே மிகுதியாயினர். பொழுது புலரும் வேளையில் கம்பெனி வண்டி ஊர்முனையில் வந்து நிற்கிறது. அதற்குள் சமைத்து, கட்டி வைத்து, தூங்கும் பிள்ளையை மாமியாரிடமோ தாயிடமோ விட்டுவிட்டு ஓடுகிறாள் தாய். திரும்பி வருகையில் விளக்கு வைத்து நேரமாகிவிடுகிறது. ஆலைக்குப் போகாதவர்களிலும் பலர், வீட்டிலேயே அமர்ந்து உருப்படிக் கூலிக்கு அப்பர் தைக்கிறார்கள். அது இரவில் குழல்விளக்கின் கீழும் தொடர்கிறது. அந்த விளக்கின் அடியில்தான் பிள்ளையும் கிடக்கிறது.

இந்நிலையில், மேனாட்டு நூல்களைப் பார்த்து, “மாலை 7 மணிக்கே குழந்தையைத் தனியறையில் படுக்கவைத்துக் கதவைச் சாத்துங்கள்” என்று நாம் எழுதினால், அதைவிடப் பொருந்தாத அறிவுரை வேறிருக்க முடியாது. தனியறைக்கு எங்கே போவது என்பது ஒருபுறமிருக்கட்டும். 7 மணிக்குத் தூங்கிவிடும் பிள்ளை, வாரத்தில் ஆறு நாள் தன் தாயின் முகத்தையே காணாது. பிள்ளை அடம்பிடித்து விழித்திருக்கிறது என்று பெரியவர்கள் குறைகூறுகிறார்கள். பல வீடுகளில் அது அடமன்று, காத்திருத்தல். பகலெல்லாம் இல்லாத தாய் இப்போதுதான் வந்திருக்கிறாள். கண்ணை மூடினால் மறுபடியும் போய்விடுவாள் என்பது அதன் கணக்கு. இந்தக் கணக்கை மதிக்காத எந்த ஒழுங்கும் நம் வீடுகளில் இரண்டு நாள் நிலைக்காது.

நாம் மட்டுமே இப்படி இருக்கிறோம் என்று எண்ணவேண்டுவதில்லை. 17 நாடுகளையும் பகுதிகளையும் சேர்ந்த, மூன்று வயதுக்குட்பட்ட 29,287 குழந்தைகளின் உறக்கத்தைப் பற்றிய ஓர் ஆய்வு 2010-இல் வெளியாயிற்று. அதில் இந்தியாவும் இடம்பெற்றது. நியூசிலாந்தில் குழந்தைகள் சராசரியாக இரவு 7.27-க்குப் படுக்கைக்குப் போக, ஹாங்காங்கில் 10.17-க்குப் போகிறார்கள் என்று அதில் கண்டார்கள். பொதுவாக ஆசிய நாடுகளில் படுக்கும் நேரம் பிந்தியே இருக்கிறது. பெற்றோருடன் ஒரே அறையில் உறங்கும் வழக்கமும் மிகுதி. ஆகவே கடிகாரம் எந்த மணியைக் காட்டும்போது படுக்கிறது என்பதைவிட, நாளொன்றுக்கு மொத்தம் எவ்வளவு உறங்குகிறது, அந்த நேரம் நாள்தோறும் ஒன்றாயிருக்கிறதா என்பவற்றையே நாம் முதலில் பார்க்கவேண்டும்.

உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட நெறிமுறைப்படி, ஒன்று, இரண்டு வயதுப் பிள்ளைகளுக்குப் பகலுறக்கமும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரமும், மூன்று, நான்கு வயதினருக்கு 10 முதல் 13 மணி நேரமும் உறக்கம் தேவை. இப்போது பாட்டி சொன்ன பிள்ளையின் கணக்கைப் பார்ப்போம். இரவு 11-க்குத் தூங்குகிறது. காலை 6-க்குத் தாயின் பாத்திரச் சத்தத்தில் விழித்து, அவள் புறப்படுவதைக் கண்டு அழுகிறது. இரவுறக்கம் 7 மணி நேரமே. குறையை ஈடுகட்டப் பிற்பகல் 2 முதல் 5 வரை பாட்டியின் மடியில் உறங்கிவிடுகிறது. மொத்தம் 10 மணி நேரம். இரண்டு வயதுக்குப் போதாது. அதைவிடத் தொல்லை என்னவெனில், மாலை 5-க்கு எழுந்த பிள்ளைக்கு 9 மணிக்கு உறக்கம் எப்படி வரும்? இது சக்கரம்போலச் சுற்றிக்கொண்டே இருக்கும். செபத்தால் மட்டும் அறுபடாத சக்கரம் இது.

எங்கே அறுப்பது? படுக்கும் நேரத்தில் அன்று, பிற்பகலில். உண்டபின் 12.30-க்கோ 1 மணிக்கோ பிள்ளையைப் படுக்கவைத்து, 2.30-க்கு, மிஞ்சினால் 3-க்குள் எழுப்பிவிட வேண்டும். பகலுறக்கமே வேண்டாமென்று நிறுத்திவிடுவது தவறு. மூன்று வயது வரை பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது தேவைப்படுகிறது. களைப்பு மீறிய பிள்ளை எளிதில் உறங்கும் என்பதும் பிழையான எண்ணம். அது உறங்குவதற்குப் பதிலாக வெறிகொண்டு ஆடும். நெடுநேரம் விழித்திருக்க உடலில் ஊறும் சுரப்புகள் அதனைக் கிளர்த்துகின்றன. “தூக்கமே வரல, பாருங்க எப்படிக் குதிக்குது” என்று நாம் சிரிக்கும் அந்த வேளையில்தான் உறக்கம் வந்துபோன தடம் இருக்கிறது. கண்ணைக் கசக்குவதும், காதைப் பிடித்திழுப்பதும், காரணமின்றிச் சிணுங்குவதும் அதற்கு முன் வந்த அறிகுறிகள். அவற்றைக் கவனிக்கவேண்டியவர் பாட்டியே. ஏனெனில் மாலைப் பொழுது அவர் கையில் இருக்கிறது.

மாலை 6.30-க்குள் பிள்ளையின் விளையாட்டும் அமளியும் தணியட்டும். தாய் வருமுன்பே இரவுச் சோற்றை ஊட்டிவிட்டால் நலம். 7.30-க்குத் தாய் வீடு வந்து முகம் கழுவியதும், அடுப்பங்கரைக்கு ஓடாமல், அரைமணி நேரம் பிள்ளைக்கே உரியவளாய் இருக்கட்டும். இது எளிதன்று என்பதை அறிவோம். பத்துமணி நேரம் நின்றும் அமர்ந்தும் உழைத்த கால்கள் அவை. ஆனால் அந்த அரைமணி நேரத்தைக் கொடுக்காத வீட்டில், பிள்ளை அதனை இரவு 11 மணி வரை சிறுகச் சிறுகப் பிடுங்கிக்கொள்ளும். அவ்வேளையில் குழம்பைக் கிளறுவதற்குக் கணவர் இருக்கிறார்.

அதன்பின் எல்லாம் ஒரே வரிசையில் நடக்கட்டும்: வெதுவெதுப்பான நீரில் உடம்பு கழுவுதல், தளர்ந்த பருத்திச் சட்டை, விளக்கைத் தணித்தல், குடும்ப செபத்தில் பிள்ளைக்கு எட்டும் ஒரு சிறு செபம், ஒரு பாட்டு அல்லது கதை, பாய். இன்ன செயல் என்பதைவிட, நாள்தோறும் அதே செயல் அதே வரிசையில் என்பதே இதில் முக்கியம். மணி பார்க்கத் தெரியாத பிள்ளைக்கு இவ்வரிசையே கடிகாரம். 2009-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 405 தாய்மாரும் அவர்களுடைய குழந்தைகளும் பங்குகொண்டனர். குளியல், உடல் தடவல், அமைதியான பாட்டோ கொஞ்சலோ என்று ஒரே ஒழுங்கை இரவுதோறும் கடைப்பிடித்த வீடுகளில், பிள்ளைகள் விரைவில் உறங்கியதும், இரவில் விழிப்பது குறைந்ததும், தாய்மாரின் மனநிலையே சீர்ப்பட்டதும் காணப்பட்டது. ஆய்வு நீடித்தது மூன்று வாரமே. ஆகவே மூன்று நாளில் பலன் தெரியவில்லையென்று கைவிடுவோர் சற்றுப் பொறுக்கவேண்டும். வெந்நீர்க் குளியலுக்கு உடற்கூற்றுக் காரணமும் உண்டு: தோலுக்கு இரத்தம் பாய்ந்து, பிறகு உடலின் உள்வெப்பம் தணிகிறது, வெப்பம் தணிகையில் உறக்கம் வருகிறது.

தொடக்கத்திலேயே 9 மணிக்குப் படுக்கவைக்க முயலாதீர்கள். 11-க்கு உறங்கும் பிள்ளையை 9-க்குப் பாயில் கிடத்தினால் இரண்டு மணி நேரப் போர்தான் மிஞ்சும். இரண்டு மூன்று நாளுக்கொருமுறை கால்மணி நேரம் முன்னே நகர்த்தி, மூன்று வாரத்தில் 9-ஐ எட்டலாம். காலையில் 7 மணிக்கு எழுந்தால் இரவுறக்கம் 10, பகலில் ஒன்றரை முதல் இரண்டு, கணக்குச் சரியாகிறது. அதற்குக் காலையில் தாய் எழும் ஓசை பிள்ளைக்குக் கேளாதிருக்க வேண்டும். ஓரறை வீடுகளில் இதற்கு வழி, அரிசி களைவது முதல் கறிகாய் நறுக்குவது வரை முந்திய இரவே முடித்துவிடுவதுதான்.

இனித் தூளிக்கு வருவோம். தாயின் பழஞ்சேலையில் கட்டிய தூளியைப் பழிப்பவர்களோடு நமக்கு உடன்பாடில்லை. தால் என்றால் நாக்கு; நாவை ஆட்டிப் பாடுவது தாலாட்டு. பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் குழந்தையின் பத்துப் பருவங்களுள் மூன்றாவதை இதற்கென்றே ஒதுக்கினர். பெரியாழ்வார் கண்ணனுக்குத் தாலாட்டுப் பாடினார். நாட்டுப்புறத் தாய்மாரோ மாமன் கொண்டுவரும் சீரைப் பாடத் தொடங்கித் தங்கள் மனக்குறையையும் அதே மெட்டில் இறக்கிவைத்தனர். அந்தப் பாட்டை இன்று தாய்மார் மறந்துவருகிறார்கள் என்பதில் நமக்கு வருத்தமுண்டு. பண் பிசகினாலும் பிள்ளைக்குத் தாயின் குரலே தேவை. கைப்பேசியில் ஒலிக்கும் தாலாட்டுக்கு அந்த மணமில்லை.

ஆயினும் இரண்டு வயது நிரம்பிய பிள்ளைக்குத் தூளி இரு வகையில் ஒவ்வாது. எழுந்து நிற்கவும் புரளவும் தெரிந்த பிள்ளை அதிலிருந்து விழலாம். முறுக்கிய துணி கழுத்தில் சுற்றிக்கொண்டால் உயிருக்கே கேடு. மற்றொன்று, ஆட்டினாலன்றி உறங்காத பழக்கம். யாருடைய உறக்கமும் விடியும்வரை ஒரே ஆழத்தில் இருப்பதில்லை. ஏறக்குறைய ஒருமணி நேரத்திற்கு ஒருமுறை பிள்ளை மேலோட்டமான உறக்கத்திற்கு வந்து, தான் உறங்கிய இடமும் நிலையும் அப்படியே உள்ளனவா என்று பார்ப்பதுபோல் அசைகிறது. ஆட்டம் நின்றிருந்தால், வாயிலிருந்த பால்புட்டி நழுவியிருந்தால், விழித்து அழுகிறது; மறுபடி ஆட்டினால்தான் அடங்கும். இரவில் மூன்று முறை எழுந்து தூளி ஆட்டும் தாய் காலையில் ஆலையில் எந்திரத்தின் ஊசிக்கு முன் அமரவேண்டியவள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

ஆகையால், உறங்கும் வரை ஆட்டாமல், கண் செருகும் வரை மட்டும் ஆட்டிப் பாயில் கிடத்துங்கள். முதல் வாரம் அருகில் படுத்துத் தட்டிக்கொடுங்கள். அடுத்த வாரம் கைவைத்துக்கொண்டு மட்டும் இருங்கள். பிறகு அருகே அமர்ந்திருப்பதே போதும். அழவிட்டுக் கதவைச் சாத்தும் முறையை நாம் பரிந்துரைக்கவில்லை. சுவருக்கு அப்பால் அண்டை வீட்டார் உறங்கும் நம் காலனிகளில் அது நடவாது. அதனினும் மேலாக, பகலெல்லாம் தாயைப் பிரிந்த பிள்ளைக்கு அது தேவையில்லாத தண்டனை. பால்புட்டியை வாயில் வைத்தபடியே உறங்கச் செய்வதோ பல்லைச் சொத்தையாக்கும். பாலைப் படுக்கைக்கு முன் குவளையில் கொடுத்து வாயைத் துடைத்துவிடலாம்.

கைப்பேசியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் பக்கம் போதாது. ஒரு வயதுப் பிள்ளைக்குத் திரை அறவே வேண்டாம், இரண்டு வயதில் நாளொன்றுக்கு ஒருமணி நேரத்திற்கு மேற்படலாகாது என்பதே முன்கூறிய 2019 நெறிமுறை. இரவில் அதன் ஒளி, உறக்கத்தைத் தூண்டும் மெலடோனின் என்னும் சுரப்பைத் தடுக்கிறது. சிறு குழந்தையின் கண்மணி அகன்றும் கண்வில்லை தெளிந்தும் இருப்பதால், நம் கண்ணைவிட அதன் கண்ணுக்குள் ஒளி மிகுதியாய்ப் புகும். படுக்கைக்கு ஒருமணி நேரம் முன்பே அதனை அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிடுங்கள். வைப்பவர் தாமும் அதை எடுக்காதிருக்க வேண்டும். தந்தையின் மார்பின்மேல் ஒளிரும் திரையைப் பார்த்தபடி எந்தப் பிள்ளையும் கண்மூடுவதில்லை. பூச்சாண்டியும் அவ்வாறே. “தூங்கலேன்னா பூச்சாண்டி வருவான்” என்று அச்சுறுத்தப்பட்ட பிள்ளை கண்ணை இறுக மூடலாம், உறங்காது. இருளையும் உறக்கத்தையும் அச்சத்தோடு முடிச்சிட்டுவிட்டால் அம்முடிச்சை அவிழ்க்க ஆண்டுகள் ஆகும்.

இவ்வெல்லாவற்றினும் கடுமையாகச் சொல்லவேண்டியது ஒன்றுண்டு. பிள்ளை உறங்குவதற்காக இருமல் மருந்தும் சளி மருந்தும் புகட்டும் வழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. இது புதியதன்று. ஆலை வேலைக்குச் சென்ற ஏழைத் தாய்மார், தாம் இல்லாத நேரத்தில் குழந்தை அமைதியாய்க் கிடக்க அதற்கு அபின் கொடுத்துவந்ததை, தொழிலாளர் நிலையை ஆராய்ந்த விட்லி ஆணையம் 1931-ஆம் ஆண்டு அறிக்கையில் பதிவு செய்துள்ளது. ஆலைகளில் குழந்தைக் காப்பறை வேண்டும் என்ற கருத்து வலுப்பெற்றதற்கு இத்தகைய அவலங்களும் காரணம். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், 1976-இல் திருத்தப்பட்டபின், முப்பது பெண்களுக்கு மேல் வேலைசெய்யும் ஆலைகளில், அவர்களுடைய ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பறை வேண்டுமென விதித்தது. அத்தகைய அறை உள்ள ஆலையில் வேலைசெய்யும் தாய்மார், அது பூட்டிக் கிடந்தால் திறக்கக் கேட்பதில் தவறேதுமில்லை. பிள்ளையின் பகலுறக்கம் அங்கே ஒழுங்காக நடக்கக்கூடும்.

அன்று அபின், இன்று மயக்கம் தரும் இனிப்பு மருந்து. குளோர்பெனிரமின், பினைலெப்ரின் இரண்டும் கலந்த சளி மருந்தை நான்கு வயதுக்குட்பட்டோருக்குத் தரலாகாது என்று 2023 டிசம்பரில் நாட்டின் மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அறிவித்தது. 2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாராப் பகுதியில், இருமலுக்கென நச்சு கலந்த மருந்து அருந்திய 20-க்கு மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலற்று மாண்டனர். அம்மருந்து தயாரானது நம் தமிழகத்தின் காஞ்சிபுரம் மாவட்டத்தில். மருத்துவர் எழுதித் தராத ஒரு சொட்டும் பிள்ளையின் வாய்க்குள் போகக்கூடாது.

உறங்காமைக்கு உடல்நோயே காரணமாயிருப்பதும் உண்டு. பிள்ளை நாள்தோறும் உரக்கக் குறட்டை விட்டு, இடையில் மூச்சு நின்று திணறினால், அது ‘நல்ல தூக்கம்’ அன்று. தொண்டைச் சதை வீங்கியிருக்கலாம். வெளிறிய முகமும், இரவெல்லாம் கால்களை உதைத்துப் புரள்வதும் இரும்புச்சத்துக் குறைவின் அடையாளமாகலாம். 2019–21-இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 67 பேருக்கு இரத்தசோகை இருந்தது. இக்குழந்தைகளுக்கு வாரம் இருமுறை இரும்புச்சத்து மருந்து கொடுக்கும் அரசுத் திட்டம் இருக்கிறது, அங்கன்வாடியில் கேளுங்கள். மேற்கொண்டு பார்க்க வேண்டுமாயின் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைநலப் பிரிவு நமக்கு எட்டும் தொலைவிலேயே இருக்கிறது.

வேலூரின் கோடையைப் பற்றி வேலூர்க்காரருக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. சித்திரை, வைகாசியில் அறைக்குள் படுக்கவைத்துவிட்டு ‘தூங்கு’ என்பது நியாயமாகாது. கைப்பிடிச் சுவர் உயர்ந்த மொட்டை மாடியில், நீர் தெளித்துத் தரை ஆறியபின், கொசுவலைக்குள் பெரியவர் அருகில் படுக்கவைக்கலாம். வரிசை மட்டும் மாறவேண்டாம். ஒலிபெருக்கி மற்றொரு பகை. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் இரவு 10 முதல் காலை 6 வரை வெளியிடங்களில் அதனைத் தடுக்கின்றன. திருமண மண்டபத்தைக் கடிந்துகொள்ளும் நாம், நம் திருவிழாக் குழுவினரிடமும் இதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். சொன்னால் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

தந்தையரை ஒரு வார்த்தை கேட்க விரும்புகிறோம். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2015 சனவரியில் மணிலாவில் குடும்பங்களைச் சந்தித்தபோது, உறங்கும் சூசையப்பரின் சுருபம் ஒன்று தம் மேசைமேல் இருப்பதாகவும், சிக்கல் எழும்போதெல்லாம் அதைச் சீட்டில் எழுதிச் சுருபத்தின் அடியில் வைப்பதாகவும் கூறினார். நம் வீடுகளில் சூசையப்பரைப்போல் நன்றாய் உறங்கும் தந்தையருக்குக் குறைவில்லை. ஆனால் அவர், எழுப்பப்பட்டதும் அன்றிரவே பிள்ளையையும் தாயையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டவர். வாரத்தில் மூன்று இரவு பிள்ளையை உறங்கவைக்கும் பொறுப்பைத் தந்தை ஏற்றால், தாய் இல்லாவிட்டால் உறங்கமாட்டேன் என்ற பிடிவாதமும் தளரும்.

ஒழுங்கு நிலைத்தபின்னும் அது கலையும். காய்ச்சல் வரும், திருவிழா வரும், தம்பியோ தங்கையோ பிறக்கும். கலைந்தால் மறுநாளே பழைய வரிசைக்குத் திரும்புங்கள். ஞாயிற்றுக்கிழமை என்பதற்காகக் காலை 9 மணி வரை உறங்கவிடவேண்டாம். முதல் பூசைக்கு அழைத்து வரலாம் என்பது நம் தன்னலம் கலந்த யோசனை.

ஏற்றுமதி நெருக்கும் மாதங்களில் தாய்மார் மிகுநேர வேலை பார்த்து, இரவு 9 மணிக்கு மேல் வருவதுண்டு. அந்நாட்களில் பாட்டியோ தந்தையோ அதே வரிசையில் பிள்ளையை உறங்கவைக்கட்டும். தாய் வரட்டும் என்று காத்திருக்கச் செய்யாதீர்கள். “அம்மா வந்ததும் உன்னை வந்து பார்ப்பாள்” என்று மட்டும் மெய்யாகவே சொல்லுங்கள். தாயும் வந்ததும் முகம் காணும் ஆவலில் பிள்ளையை எழுப்பாமல், கைகால் கழுவிவிட்டு அருகில் படுத்துக்கொள்ளட்டும். காலையில் வண்டிக்குப் போகுமுன் கால்மணி நேரம் முன்னதாகப் பிள்ளையை எழுப்பி மடியில் வைத்துக்கொண்டால் போதும். அன்று பகலில் பாட்டி கால்மணி நேரம் கூடுதலாக உறங்கவைப்பார்.